ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர்

என் உடம்பைப் பற்றிப் பேசாதவர்கள் ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்தில் பேசினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுப் பஜ்ஜியைத் தின்றுகொண்டே பேசினார்கள். ஜாக்கெட் தைக்கிறவன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாயைக் கோணினான். ஆனால் என்னை ஏற்றிக்கொண்டு போனால் ஒரு காருக்கு எவ்வளவு கரண்ட் கூடுதலாகச் செலவாகும் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் மூன்றே பேர்தான். மூன்று பேரும் படித்தவர்கள். அவர்களோடுதான் நான் தினமும் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

நான் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் ரத்தம் எடுக்கிறவள். சர்க்கரை நோயாளிகள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து, எங்களைக் கடித்துத் தின்றுவிடுவது போல முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் லேபில் நேரத்துக்குப் போயாக வேண்டும். வாசலில் விரல் வைக்கிற மெஷின் இருக்கிறது. லேட் ஏறிக்கொண்டே போனால் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள், நைட் ஷிஃப்டில் தள்ளிவிடுவார்கள். பிடித்தால்கூடப் பரவாயில்லை. நைட் ஷிஃப்ட்தான் எனக்கு ஆகாது.

காரணம் அம்மா. பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் பாத்ரூம் வரை போவாள், பக்கத்தில் ஆள் இருந்தால். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். விடிந்த பிறகுதான் வருவாள், நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் கிளம்பிவிடுவாள். ராத்திரிக்கு ஆள் கேட்டு நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. பாலசமுத்திரம் பக்கம் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களைக்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நைனா, அதாவது என் அப்பா, இருந்தவரை பலாப்பழத்தில் ஈ மொய்த்த மாதிரி மொய்த்தவர்கள், அவர் போனதும் போனையே எடுப்பதில்லை. ஆக, பகல் ஷிஃப்ட் கையைவிட்டுப் போனால் அம்மா ராத்திரியெல்லாம் தனியாகக் கிடக்க வேண்டும். இதுதான் என் கழுத்தில் தொங்கிய கத்தி.

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது. அந்தப் பெண் வந்து, அம்மாவை அவள் கையில் ஒப்படைத்து, நான் ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு வேண்டிய பஸ் பூதலப்பட்டைத் தாண்டியிருக்கும். அடுத்த பஸ்ஸில் ஏறினால் நின்றுகொண்டே போக வேண்டும். என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது, மற்ற பயணிகளும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் தெருமுனையில் இருக்கிற லெக்சரர் சார் எலெக்ட்ரிக் கார் வாங்கினார். திருப்பதியில் ஒரு எஞ்சினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறவர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். தனியாகப் போவதற்குப் பதில் நாலு பேராகப் போனால் சார்ஜ் போடுகிற செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று அவரே ஆள் சேர்த்தார். முன் சீட்டில் ஒரு பைனான்ஸ் மேனேஜர், பூர்வீகம் பலமனேர். பின் சீட்டில் என்னோடு, ஒரு பேங்கில் வேலை செய்கிற பெண். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். குச்சி மாதிரி இருப்பாள். ஆபீசுக்கு முன்னால் திருச்சானூர் கோயிலுக்குப் போய்த் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் பேங்குக்குப் போவாள். கார் என் வீட்டு வாசலுக்கே வந்தது. முதல் மாதம் எனக்கு லேட் என்பதே இல்லை. அந்தக் காரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கெடுத்தது அந்தக் காரில் இருந்த திரை. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். சாருக்கு ரோட்டைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பதில்தான் ஆசை. காரை விற்றவன் ஏழெட்டு கிலோமீட்டர் வரும் என்று சொல்லியிருந்தானாம். எங்களுக்கு ஆறைத் தாண்டவில்லை. தாண்டவே இல்லை. அவருடைய காலேஜில் அதே காரை வைத்திருந்த இன்னொரு லெக்சரருக்கு ஏழு வந்தது. அதை அவர் ஸ்டாஃப் ரூமில் தினம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சாருக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஏசியை நிறுத்தினார். சித்திரை மாதத்துச் சித்தூர் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி இல்லாமல் போவதென்றால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருப்பதுதான். கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியை இழுக்கும் என்று அதற்கும் தடை. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். கொஞ்சம் ஏறியது, ஆனால் மேனேஜருக்குத் திருப்பதியில் ஒரு குறிப்பிட்ட ஓட்டலில் சூடாக வடை கிடைக்கிற நேரம் தவறியது. அதனால் வேகம் பழையபடி ஆனது. டயருக்குக் காற்று அடித்தார். டிக்கியில் கிடந்த குடை, பழைய செருப்பு, எக்ஸ்ட்ரா டயர் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கினார். ஆளுக்கு ஒரு சின்ன வாட்டர் பாட்டில் போதும் என்றார். எண் அசையவில்லை. ஆறு.

ஒன்றை மட்டும் இறக்கவில்லை. கார் கூரைமேல் ஒரு இரும்பு கேரியர் இருந்தது. சாருக்குப் பூர்வீக மாந்தோப்பு உண்டு. சீசனில் பெங்களூரா, பங்கனபள்ளி என்று பெட்டி பெட்டியாக அதன்மேல் கட்டிக்கொண்டு போய்த் திருப்பதியில் பிரின்சிபாலிலிருந்து பியூன்வரை வீடு வீடாக இறக்குவார். எங்கள் ஜில்லாவில் மேலதிகாரியைக் குளிர வைப்பதற்கு மாம்பழத்தைவிட்டால் வேறு வழி கிடையாது. சீசன் போன பிறகும் கேரியர் அங்கேயே இருந்தது. காணிப்பாக்கத்தில் வண்டிக்குப் பூஜை போட்டபோது ஐயர் அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைத்துவிட்டாராம். பூஜை ஆன பொருளை வண்டியிலிருந்து கழற்றக் கூடாது என்று சாரின் மனைவி சொல்லிவிட்டார். எம்.டெக். படித்த சார் சரியென்றுவிட்டார். வண்டி வேகம் எடுத்தால் அது எங்கள் தலைக்குமேல் விசிலடிக்கும். பாகாலாவைத் தாண்டிய நல்ல ரோட்டில் விசில் ஊளையாக மாறும். நாங்கள் அதன்மேல் குரலை உயர்த்திப் பேசப் பழகிக்கொண்டோம்.

விஷயம் என் தலையில் விடிந்தது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து நான் கொஞ்ச நாள் லீவு போட்டபோது. திரும்பி வந்து காரில் ஏறியதும் மேனேஜர் முன் சீட்டிலிருந்து திரும்பி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவருக்குத் தொப்பை டேஷ்போர்டைத் தொடாத குறை. சீட் பெல்ட்டை அதன்கீழ் தேடி எடுத்துத்தான் மாட்டுவார்.

"மேடம், கோச்சிக்காதீங்க. நீங்க வராத நாளெல்லாம் ஏழு வந்திச்சி. இன்னிக்கு நீங்க ஏறினீங்க, சூடண்டி, பாருங்க, மறுபடியும் ஆறு."

சார் திரையைப் பார்த்தார். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பேங்க் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் காது மடல்வரை எரிந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போயிருக்க வேண்டும் என்று இப்போது நீங்கள் நினைக்கலாம். விரல் வைக்கிற மெஷினும் அம்மாவும் இல்லாதவர்கள் இறங்கிப் போகலாம்.

அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் நான்தான். காலையில் போகும்போது வரும் எண்ணைவிடச் சாயங்காலம் திரும்பும்போது குறைவாக வரும். சித்தூர் மேட்டில் இருக்கிறது, திருப்பதி பள்ளத்தில் இருக்கிறது, ஏறும்போது வண்டி அதிகம் இழுக்கத்தான் செய்யும். பலமனேர் மலையிலிருந்து இறங்கினால் பேட்டரி செலவே ஆகாது, திரும்ப அதுவே நிறையும் என்று பெருமை அடித்துக்கொண்டவர் இதே மேனேஜர்தான். ஆனால் சாயங்கால எண்ணுக்கு அவர் சொன்ன காரணம் வேறு.

"மேடம் மத்தியானம் துன்னுட்டு வராங்க இல்ல? அந்த வெயிட்டு எங்க போவும்?"

சார் சிரித்தார். பேங்க் பெண்ணும் சிரித்தாள், சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து "சும்மா தமாஷுக்குக்கா" என்றாள். வடையும் பொங்கலும் கட்டிவிட்டு மத்தியானம் பிரியாணியும் கட்டுகிற ஆம்பளையின் வயிற்றுக்கு எடையே கிடையாது. நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

"அவுங்க சொல்றதுல இன்னா தப்புக்கீது? சின்ன வயசுலயே ஒனக்குச் சோத்தக் கண்டா கை நிக்காது. கொஞ்சம் கம்மியாத் துன்னா செத்தா பூடுவ?"

"ஒனக்காகத்தான் அந்த வண்டியில போய்க்கினு கீறேன். இல்லன்னா அவன் மூஞ்சியில காறித் துப்பிட்டு வந்திருப்பேன்."

"துப்பாத. வண்டி போயிட்டா ராத்திரியில என்னை யாரு பாப்பா?"

அவளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. அதனால் சாப்பாட்டைக் குறைத்தேன். காலையில் ஒன்றுமில்லை. மத்தியானம் வெள்ளரிக்காயும் மோரும். ராத்திரி அம்மாவுக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கொள்வேன். லேபில் எடை மெஷின் இருக்கிறது. திங்கட்கிழமை தவறாமல் சார் கேட்பார்.

"எத்தினி மேடம்?"

நான் சொல்வேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், ஓடுகிற காரில், இரண்டு ஆண்களுக்கு முன்னால் வாரா வாரம் தன் எடையை ஒப்பித்தாள். குறைந்திருந்தால் மேனேஜர் "வெரி குட்" என்பார், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. உண்மையிலேயே குறைந்துகொண்டுதான் வந்தேன். ஜாக்கெட் தோளில் நழுவியது. ஒரு நாள் ஒரு தாத்தாவின் கையில் ஊசியைக் குத்திவிட்டு எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சர்க்கரை நோயாளிதான் என்னைப் பிடித்து உட்கார வைத்து, தனக்கு மயக்கம் வந்தால் போட்டுக்கொள்ள வைத்திருந்த சாக்லேட்டை என் வாயில் போட்டார்.

அத்தனை பட்டினி கிடந்தும் திரையில் ஆறு ஆறாகவே இருந்தது. அறிவுள்ளவன் என்ன செய்வான்? ஆள் இளைத்தும் எண் மாறவில்லையே, அப்படியானால் காரணம் ஆள் இல்லை என்று முடிவு செய்வான். இவர்களும் ஒரு முடிவு செய்தார்கள்.

"மேடம் பொய் சொல்றாங்கன்னு நெனைக்கிறேன்" என்றார் மேனேஜர், நான் அந்தக் காரிலேயே இல்லாததுபோல.

"லேப் மெஷின் சரியா காட்டுதா மேடம்?" என்றார் சார். இது மரியாதையாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இளைத்தது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டதுபோலிருக்கிறது. தன் தட்டில் பாதித் தோசையை இடது கையால் என் பக்கம் தள்ளினாள்.

"துன்னுடி. ஒன்ன வாரா வாரம் நிறுத்துப் பாக்கறதுக்கு அவன் இன்னா புளி ஏவாரியா? துன்னு."

தின்றேன். அதன்பிறகு மூன்று தோசை வார்த்து மறுபடியும் தின்றேன். அம்மா வாய் கோணிக்கொண்டு சிரித்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பு அப்படித்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

என்னை வண்டியிலிருந்து இறக்கியது மிகுந்த நாகரிகத்தோடு நடந்தது. சந்திரகிரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது சார் தொண்டையைச் செருமினார்.

"மேடம், உங்களுக்கு இந்தப் பின் சீட்டு இடிச்சிக்கினு கஷ்டமா கீதுன்னு எனக்குத் தெரியுது. பஸ்ஸுன்னா தாராளமா உக்காந்துக்கினு போலாம். உங்க கம்ஃபர்ட்டுக்குத்தான் சொல்றேன். வர மாசத்துலேந்து..."

"எனக்குக் கஷ்டமா இல்ல சார்."

"இல்ல மேடம், உங்களுக்குத் தெரியாது."

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பகல் ஷிஃப்ட் போய்விடும், ராத்திரியில் அவளுக்கு ஆள் இல்லை என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், அதற்கு வேறு சொல் இல்லை. சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆட்டும்போதும் கண் திரையில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே எங்கள் காருக்கென்று இருந்த வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என் இடத்துக்குச் சாரின் காலேஜிலேயே புதிதாகச் சேர்ந்த ஒரு லெக்சரர் வந்தார். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு.

பிறகு நான் பயந்ததெல்லாம் வரிசை தவறாமல் நடந்தது. பஸ், லேட், மறுபடி லேட். லேபில் கூப்பிட்டுச் சொன்னார்கள், நைட் ஷிஃப்டுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர், பிஸ்கட், போன், ஒரு பேசின் எல்லாம் வைப்பேன். "எழுந்திருக்காத, பேசின்ல போ" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். சரி என்பாள். தன் அழுக்கைத் தன் பெண் காலையில் வந்து கொட்ட வேண்டும் என்பதை அவள் மனசு ஏற்றுக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும்.

இடையில் ஒரு நாள் பேங்க் பெண் போன் செய்தாள். "அக்கா, நீங்க எறங்கியும் ஆறுதான்கா வருது. அந்த லெக்சரரோட லேப்டாப் பேகு ரொம்ப வெயிட்டுன்னு சொல்லிக்கினு கீறாங்க."

"அப்ப என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லேன்."

"சீட்டு ஃபுல்லுக்கா" என்றாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்வதற்கில்லை. தினம் தாயாரைச் சேவிக்கிறவள்.

அம்மா விழுந்ததை முதலில் பார்த்தது பகலில் வரும் அந்தப் பெண். பாத்ரூம் வாசலில் கிடந்தாளாம். எப்போது விழுந்தாள் என்று தெரியவில்லை, தரையில் இருந்ததெல்லாம் காய்ந்துபோயிருந்தது என்று மட்டும் அவள் சொன்னாள். நான் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அன்றைக்கு வைத்திருந்துவிட்டு, மறுநாள் காலையில் ஆபரேஷனுக்குத் திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் வேலை செய்கிற இடத்துக்கே.

மறுநாள் நான் பேசி வைத்திருந்த ஆம்புலன்ஸ் ரோட்டில் வேறு ஒரு விபத்துக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் பேங்க் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் சாரிடம் சொன்னாள். சார் வந்தார். வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பேங்க் பெண்ணும் புது லெக்சரரும் அன்றைக்குப் பஸ்ஸில் போனார்கள். மேனேஜருக்கு மீட்டிங் இருந்ததாம், முன் சீட்டைவிட்டு அசையவில்லை. கட்டுப்போட்ட காலோடு அம்மாவைப் பின் சீட்டில் நீளமாகப் படுக்க வைத்தோம். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் கதவோரம் ஒடுங்கிக்கொண்டேன். பழையபடி நாலு பேர்தான், பேங்க் பெண்ணுக்குப் பதில் அம்மா. சார் ஏசியைக்கூடப் போட்டார்.

"மெதுவாப் போங்க சார்" என்றேன்.

"ரோடு நல்லாத்தான் கீது மேடம், பரவால்ல" என்றார் மேனேஜர், மணியைப் பார்த்துக்கொண்டு.

வண்டி எப்போதும் போகிற வேகத்தில்தான் போனது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. பாகாலா தாண்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. தலைக்குமேல் விசில் இல்லை. கார் அவ்வளவு அமைதியாக ஓடி நான் பார்த்ததில்லை. அந்த அமைதியில் அம்மாவின் முனகல் ஒன்றுவிடாமல் கேட்டது. ஒவ்வொரு சின்னக் குலுக்கலுக்கும் அவள் என் புடவையைப் பல்லால் கடித்தாள்.

"இன்னாடி, வண்டி நின்னுடுச்சா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"இல்லம்மா, போய்க்கினு கீது."

"நீ ஏறினதுக்கு எதனா சொல்லப் போறாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் ஓடி வந்தார்கள். கதவு திறக்கவில்லை. வண்டியை ஆஃப் செய்து சார் லாக்கை எடுத்தால்தான் திறக்கும். சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு" என்றார். "ஏழு தாண்டியிருக்குது! ஏசி போட்டும் ஏழு!"

மேனேஜர் குனிந்து பார்த்தார். "அவுனா? நெஜமாவா? மேடம் இருக்கும்போதா?"

"சார், கதவு" என்றேன்.

"ஒரு நிமிஷம் மேடம், ஆஃப் பண்ணா இது போயிடும்." செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். முதல் படம் ஆடிவிட்டதுபோலிருக்கிறது, இன்னொன்று பிடித்தார். வெளியே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். அம்மா என் மடியில் கண்ணை மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். பிறகுதான் லாக் விடுபட்டது.

அம்மாவை இறக்கும்போது சார் காரைச் சுற்றி வந்து கூரையைத் தடவிப் பார்த்தார். அங்கே வெறும் தகரம் இருந்தது, கேரியர் கால் பதிந்த தடம் மட்டும் துருப்பிடித்துத் தெரிந்தது.

"கேரியர்! மச்சான் டூருக்குன்னு எடுத்துக்கினு போயிட்டாரு மேடம். வீட்டு ஆளுதானேன்னு எங்க வீட்ல கழட்டிக் குடுத்தாங்க." நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீங்க அப்ப லீவுல இருந்தீங்க பாருங்க, ஏழு வந்திச்சே, அப்பவும் அவருதான் எடுத்துக்கினு போயிருந்தாரு! அதுதான் இத்தினி நாளா காத்தப் புடிச்சி இழுத்துக்கினு இருந்திருக்குது. நீங்க இல்ல மேடம்! கேரியரு!"

சிரித்தார். கஷ்டமான கணக்குக்கு விடை கிடைத்த பையன் சிரிக்கிற மாதிரி மனசாரச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தை நான் பகிர்ந்துகொள்வேன் என்று உண்மையிலேயே நினைத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் ஸ்ட்ரெச்சரில் ஏறி லிஃப்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் சட்டையைப் பிடித்து அந்தத் தகரத்தில் தலையை மோத வேண்டும் போலிருந்தது எனக்கு. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்து ஓடினேன். பழக்க தோஷம்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அம்மாவின் ரத்தத்தை நானே எடுத்து நானே சோதித்தேன், எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

காரியத்துக்குச் சார் வந்திருந்தார். மாலை கொண்டுவந்தார். போகும்போது என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மேடம், கேரியரக் கழட்டியே வெச்சிட்டேன். பரிகாரம் பண்ணிட்டோம். அந்தப் புது லெக்சரரும் காலேஜுப் பக்கமே ரூம் எடுத்துக்கினாரு. சீட்டு காலியாத்தான் கீது. நீங்க பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்குங்க. உங்க வெயிட்டு ஒரு மேட்டரே இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி."

அன்று சாயங்காலம் என்னை வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் சேர்த்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த படத்தைச் சார் எனக்காக மறுபடியும் போட்டிருந்தார். பெரிய எழுத்தில் ஏழு, அதன்கீழ் வரிசையாகக் கட்டைவிரல்கள். பேங்க் பெண் மட்டும் கும்பிடுகிற கை போட்டிருந்தாள். படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். திரையின் கறுப்புக் கண்ணாடியில் பின் சீட்டு மங்கலாகத் தெரிந்தது. அதில் நான் இருந்தேன், என் மடியில் அம்மாவின் நரைத்த தலை இருந்தது. அவள் உயிரோடு இருந்த கடைசிப் படம் அதுதான். அதனால் அந்தக் குரூப்பைவிட்டு என்னால் வெளியே வர முடியவில்லை.

நைட் ஷிஃப்டையே வைத்துக்கொண்டேன். ராத்திரியில் என் வீட்டில் யாரும் தனியாக இல்லை. வேலை முடிந்து காலையில் சித்தூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது சில நாள் அந்தக் கார் எதிரே வரும். விசில் இல்லாததால் பக்கத்தில் வரும்வரை தெரிவதில்லை. சார் என்னைப் பார்த்தால் கண்ணாடியை இறக்கி, ஒரு கையின் ஐந்து விரலையும் காட்டி, அப்புறம் இரண்டு விரலைக் காட்டுவார்.